பதினெட்டும் உள்ளேயே இருந்தன

"பதினெட்டு போட்டுக் குடுத்தே. பதினெட்டும் உள்ளயே இருக்கு. அப்ப எமெட்டைச் சுட்டது யாருடா? பேயா?"

க்ரெட்டா கத்தினாள் என்று எழுதத்தான் ஆசை. கத்துகிற அளவுக்கு அவளிடம் மூச்சு இல்லை. அந்த ஜூலை மாதத்தில் அவள் குரல் பாதியாகிவிட்டிருந்தது. இருந்தும் ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது என்றால், ஒன்று அவள் கோபம் அவ்வளவு பெரிது, இல்லை நான் அவ்வளவு பக்கத்தில் நின்றிருந்தேன். இரண்டாவதுதான் உண்மை. எங்கள் வீட்டுத் தபால் பெட்டி, அவளும் அண்ணனும் இருக்கும் ஹௌகன் வீட்டு வண்டிப்பாதைக்கு நேர் எதிரே இருக்கிறது. அன்று அதை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏதாவது ஜாம் ஆயிருக்கும், க்ரெட். விடேன்" என்றான் அண்ணன் காலெப்.

"ஜாம் ஆச்சுன்னா எமெட் ஏன் விழுந்தான்? நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு சுத்து சுத்தி, 'எங்கம்மாகிட்ட சொல்லிடுங்க'ன்னு வசனம் வேற!"

எமெட் ஆறடி இரண்டு அங்குலம். ஊர்ச் சந்திப்பில் இருக்கும் இரும்புச் சாமான் கடையில் ஆணியும் வண்ணமும் விற்கிறவன். பள்ளிக்கூடத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டவன் போலக் காலணியைப் பார்த்தபடி நின்றான். "காத்து பட்ட மாதிரி இருந்துச்சு" என்றான்.

"காத்துக்கெல்லாம் ஹிட் சொல்றதா இருந்தா நீ மினசோட்டாவுல வீட்டை விட்டே வெளிய வர முடியாது."

கூட நின்ற ஆறேழு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். க்ரெட்டா சிரிக்கவில்லை என்றதும் அவரவர் வாளியை எடுத்துக்கொண்டார்கள்.

வாளி என்றேனே, அது காலியான ஐஸ்கிரீம் வாளி. எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. அதன் முடிவில் யாரோ வீடு கட்டப்போகிறேன் என்று வாங்கிப் போட்டு, கடைசிவரை கட்டாத மனை ஒன்று உண்டு. சனிக்கிழமை மதியம் அதில்தான் இவர்கள் சுட்டுக்கொள்வார்கள். எல்லோருக்கும் முப்பதையொட்டிய வயது; வேலை உண்டு, வீட்டுக் கடன் உண்டு, சிலருக்கு முழங்கால் வலியும் உண்டு. நுரையால் செய்த விரல் நீளத் தோட்டா, முனையில் சின்ன ரப்பர் தொப்பி. பட்டால் வலிக்காது. ஒவ்வொருவரும் தன் தோட்டாக்களுக்குப் பேனாவால் தன் நிறத்தில் ஒரு வளையம் போட்டு வைத்திருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் வரிசையாகத் தோளோடு தோள் நின்று மனை முழுக்க நடந்து பொறுக்கி, நிறம் பார்த்து வாளிகளில் பிரிப்பார்கள். அன்று எல்லா வாளியும் நிறைந்தது. க்ரெட்டாவின் ஊதா வளையம் மட்டும் ஒன்றுகூட அகப்படவில்லை. அதைக் கேட்டுத்தான் அவள் ஆரம்பித்தாள். காலெப் தோட்டாப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், காலையில் அடுக்கிய பதினெட்டும் அடுக்கியபடியே இருந்தன.

இந்த விளையாட்டில் நடுவர் கிடையாது என்பதைச் சொல்ல வேண்டும். தோட்டா பட்டவனே கையைத் தூக்கி "ஹிட்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். படாதவன் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். "வருமான வரிக் கணக்கு குடுக்கறப்ப இவங்க இப்படி இருக்காங்களான்னு கேளு" என்பார் என் கணவர் ரஸ்.

அந்தச் சட்டப்படி அன்று க்ரெட்டாவுக்கு மூன்று பேர் ஹிட் கொடுத்திருந்தார்கள். எமெட் இரண்டு ஆட்டத்தில் இரண்டு முறை.

காலெப்பின் தொழில் பனிவாரி இயந்திரத் தொழிற்சாலையில் பாகங்களுக்குப் படம் வரைவது. சின்ன வயதிலிருந்தே அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் நுரைத் தோட்டாவால் அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். அவர்கள் அம்மா உயிரோடு இருந்தவரை சூப்புக்குள் தோட்டா கிடந்ததாக என்னிடம் புலம்புவாள். க்ரெட்டாவுக்கு இருபத்தொன்பது வயதில் கையிலிருந்து காபிக் கோப்பை நழுவ ஆரம்பித்தது. தசைக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய் என்றார்கள். மருந்து இல்லை. தேதி மட்டும் ஏறத்தாழச் சொல்லிவிட்டார்கள். அவள் செய்த முதல் காரியம் எமெட்டை வீட்டுக்கு அனுப்பியது. இரண்டு வருடமாக இருவரும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மோதிரம் பார்த்தாகிவிட்டது என்று நான் ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன். "நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கலை, போ" என்றாளாம். போனான். ஆனால் சனிக்கிழமை தோறும் துப்பாக்கியோடு வந்துவிடுவான். விளையாட வராதே என்று அவள் சொல்லவில்லையே.

காலெப் செய்தது வேறு. கராஜுக்குள் போனான்.

அவர்கள் வைத்திருந்த துப்பாக்கியெல்லாம் வில்லால் ஓடுபவை. ஒவ்வொரு சுடுதலுக்கும் முன்னால் பலமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அந்தப் பலம் க்ரெட்டாவுக்குப் போய்விட்டது. அதனால் மோட்டார். கணினியில் வரைந்து, கராஜ் மூலையில் இருந்த த்ரீடி பிரிண்டரில் ஒவ்வொரு பாகமாக வார்த்தெடுத்தான். இரண்டு சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுழல, நடுவே தோட்டாவின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைந்த இடுக்கு. பின்னாலிருந்து ஒரு சின்னத் தள்ளுகோல் தோட்டாவை அந்த இடுக்குக்குள் தட்டிவிட்டால் போதும், சக்கரங்கள் கவ்வி எறிந்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. முதல் முறை அவன் இரண்டு மோட்டாரையும் ஒரே திசையில் சுற்றும்படி இணைத்துவிட்டான். தோட்டா பாய்வதற்குப் பதில் உள்ளேயே உருண்டு உருண்டு, மென்று துப்பின கேரட் மாதிரி வெளியே வந்தது. பிரவுனி கொடுக்கிற சாக்கில் நான் அப்போது கராஜ் வாசலில் இருந்தேன்.

"துப்பாக்கி நல்லா இருக்கு, காலெப்" என்றேன்.

"துப்பாக்கின்னு சொல்லாதீங்க டார்லீன். பக்கத்துல யாராவது கேட்டா போலீஸைக் கூப்பிட்டுடுவாங்க."

"பக்கத்துல இருக்கறதே நான்தானே."

"அதான் பயம்."

முதல் வடிவத்தில் விசையை ஒரு விரலால் இழுத்தால் போதும். இரண்டு மாதத்தில் அந்த விரல் போனது. கட்டைவிரலால் அழுத்துகிற பொத்தான் வைத்தான். கட்டைவிரல் போனது. சக்கர நாற்காலியின் கைப்பிடியிலேயே துப்பாக்கியைப் பூட்டி, கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு மெத்தைப் பொத்தான் வைத்தான். நோய் ஒரு படி இறங்கினால் இவன் ஒரு படம் வரைவான். ஒவ்வொன்றின் வயிற்றிலும் பேனாவால் எண் போட்டிருப்பான். அந்த ஜூலையில் பதினாலு. நோயைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒரு நாள், "டாக்டர் என்னப்பா சொன்னார்?" என்று கேட்டேன். "பொத்தானை அழுத்தற பலம் இன்னும் நாப்பது கிராம் குறைக்கலாம்" என்றான்.

சண்டைக்குத் திரும்புகிறேன். தபால் பெட்டியில் துடைக்க இனி இடம் இல்லை.

காலெப் திருப்புளியால் நாற்காலியிலிருந்த பதினாலாம் எண்ணைத் திறந்தான். உள்ளே தள்ளுகோல் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. அவன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப இதைக் கழட்டி வேன்லயே வெச்சுட்டேன்" என்றான். "மூணு மணி நேரம். கதவெல்லாம் மூடி."

இவர்கள் உபயோகிக்கும் அந்த பிளாஸ்டிக் மக்காச்சோளத்திலிருந்து எடுப்பதாம். பூட்டிய காருக்குள் வெயிலில் வைத்தால் இளகி வளைந்துவிடும். இந்த விளையாட்டில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் இது தெரியுமாம். காலெப்புக்குத் தெரியாமலா? அன்று நாற்காலியை இறக்குவதும், சரிவுப் பலகையை மடக்குவதும், அவளைத் தூக்கி உட்காரவைப்பதுமாக மறந்துவிட்டான்.

"சோளம்னா சூட்டுல வேகத்தானே செய்யும்" என்றேன், சூழ்நிலையைக் கொஞ்சம் இலேசாக்கலாம் என்று. யாரும் சிரிக்கவில்லை. நான் அங்கே நிற்பதையே அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

க்ரெட்டா அண்ணனைப் பார்த்தாள். "வளைஞ்சது தப்பில்ல. இது நீ செஞ்ச சாமான். சக்கரம் மட்டும் சுத்தி, உள்ள தட்டற சத்தம் வரலைன்னா உனக்குத் தெரியாதா?"

காலெப் திருப்புளியைச் சட்டையில் துடைத்தான்.

"கேக்கறேன்ல?"

"முதல் தடவையே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும்?"

"எமெட் விழுந்துட்டான். நீ சிரிச்சே." அவன் வளைந்த கோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "நீ சிரிச்சு ரொம்ப நாளாச்சு, க்ரெட்."

அதற்கு அவள் கொஞ்சம் இளகியிருப்பாள் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் மறுகன்னத்துப் பக்கம் இருந்த ஓட்டும் பொத்தானில் சாய்ந்து நாற்காலியை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றினாள்.

"இன்னொண்ணு பாத்தீங்களா? நான் நின்ன இடத்துல புல்லு சுத்தமா இருந்துச்சு. ஒரு நிறத்துத் தோட்டா கூட இல்ல. எல்லாரும் அந்தப் பக்கம்தான் பொறுக்கறீங்க. எத்தனை வாரமா என்னை யாருமே சுடல?"

ஆறேழு பேரும் அவரவர் வாளிக்குள் பார்த்தார்கள்.

"ஒரே ஒரு ரூல்தான் இருக்கு. பட்டா சொல்லணும். படலைன்னா சொல்லக் கூடாது. அதை எனக்கு மட்டும் உடைச்சுட்டீங்க. அப்ப நான் விளையாடல. என்னை வெச்சு நீங்க விளையாடறீங்க." மூச்சு வாங்க நிறுத்தினாள். "எனக்கு எத்தனை சனிக்கிழமை இருக்குன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அதுல ஒரு தடவையாவது நெஜமா ஒருத்தனைச் சுட்டுட்டுப் போகணும். அடுத்த வாரம் என்னைச் சுடறதா இருந்தா வாங்க. இல்லைன்னா மத்தவங்க மாதிரி வாசல்ல ஹாட்டிஷ் வெச்சுட்டுப் போயிடுங்க."

கடைசி வாக்கியம் என்னைப் பார்த்தபடி வந்தது. ஹாட்டிஷ் என்பது கறியும் காய்கறியும் கலந்து அடுப்பில் சுட்ட உணவு; நோயோ சாவோ வந்த வீட்டுக்கு இந்த ஊரில் எல்லோரும் கொடுப்பது. அந்த மாதத்தில் மட்டும் நான் அதில் நான்கு தட்டு கொடுத்திருந்தேன். உருளைக்கிழங்கு மேலே போட்டது இரண்டு, நூடுல்ஸ் போட்டது இரண்டு. தெருவே கொடுத்தது. ஹௌகன் வீட்டு உறைபெட்டியில் இடமில்லாமல் எங்கள் வீட்டு உறைபெட்டியில்தான் பாதி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். வந்தார்களே தவிர, யாருக்கும் கை வரவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவளைக் குறிபார்க்க நமக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நாம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் பழகியவர்கள். கடைசியில் எமெட் சுட்டான். ஒரு முழம் தள்ளிப் போனது.

"கண்ணு தெரியலையா? இன்னொண்ணு!"

இரண்டாவது அவள் முழங்காலில் இருந்த போர்வையில் பட்டுக் கீழே விழுந்தது.

"ஹிட்!" என்றாள் க்ரெட்டா. கையைத் தூக்க முடியாதவள் புருவத்தைத் தூக்கினாள். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, வெளியே போனவர்கள் உட்காரும் ஆஷ் மரத்தடிக்குத் தானே போனாள். போகும்போது அவள் முகத்தை நான் என் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அது எமெட் விழுந்தபோது சிரித்த சிரிப்பு இல்லை. வேறு.

அதற்கப்புறம் அவள் நன்றாக அடிவாங்கினாள். அவள் சுட்டதுதான் யார் மேலும் படவில்லை. ஆகஸ்டு முழுக்க, செப்டம்பர் முழுக்க, ஒன்றுகூட இல்லை. தள்ளுகோலை வெயிலுக்கு மசியாத வேறு பிளாஸ்டிக்கில் செய்துவிட்டான் காலெப். கோளாறு அதில் இல்லை. சக்கரங்கள் முழு வேகம் பிடிக்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் கொதிக்கிற கெட்டில் மாதிரி அவை கூவும். கூவலைக் கேட்டவன் ஒதுங்கிவிடுவான். இப்போது அவர்கள் உண்மையாக விளையாடினார்கள் அல்லவா, உண்மையாகவே ஒதுங்கினார்கள்.

காலெப் தன் விடுமுறை நாட்களையெல்லாம் அந்த ஒரு நொடியில் கொட்டினான். சின்னச் சக்கரம், பலமான மோட்டார், கனமான பேட்டரி. நாற்காலி அசையும்போதே சக்கரங்கள் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும்படி செய்தான். அப்போது கூவல் நாற்காலியின் இரைச்சலிலேயே அமுங்கிவிடும். அதற்குள் க்ரெட்டாவின் கழுத்து கன்னத்தைச் சாய்க்க மறுத்தது. பத்தொன்பதாம் எண்ணுக்குப் புருவத்தில் ஒட்டுகிற ஒரு சின்னக் கம்பி. புருவத்தை உயர்த்தினால் தோட்டா போகும். கராஜில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னை நோக்கித்தான் சோதித்தாள். என் ஏப்ரனில் பட்டது.

"நீங்க கணக்குல வர மாட்டீங்க டார்லீன்" என்றாள், மூச்சும் பேச்சும் கலந்த குரலில். "நீங்க நகரவே மாட்டீங்க."

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை. முதல் உறைபனி வந்துபோய் மனையெங்கும் சருகு. நான் மாடியில் ஜன்னல் மறைப்பின் பட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே துடைத்துக்கொண்டிருந்தேன். காலெப் நாற்காலிக்குப் பின்னால் குந்தி, சக்கரங்கள் சரியான வேகத்தில் சுற்றுகின்றனவா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். மற்றவர்கள் எதிர் மூலையில். எமெட் ஆஷ் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான், அவளைச் சுடத்தான் வந்தான். அவள் புருவம் உயர்ந்ததை நான் பார்க்கவில்லை. நாற்காலி எனக்கு முதுகைக் காட்டி நின்றது. ஊதா வளையம் போட்ட தோட்டா பறந்ததைப் பார்த்தேன். அவன் இடது கையில், முழங்கைக்கு மேலே, கடைப் பெயர் தைத்த இடத்தில் பட்டுச் சருகில் விழுந்தது.

புருவம் தூக்கிய அசைவிலேயே க்ரெட்டாவின் தலை ஒரு பக்கம் சரிந்து, அவளால் அவன் பக்கம் பார்க்க முடியாமல் போனது. எமெட் நின்றான். பிறகு கையைத் தூக்கினான். "ஹிட்."

"பொய்" என்றாள் க்ரெட்டா.

"க்ரெட்டா, சத்தியமா..."

"பொய் சொல்றவன் சத்தியம் வேற பண்றான்."

"இதோ தோட்டா, பாரு, உன்னோடதுதான்..."

"தோட்டா வெளிய வந்துச்சு. எங்க வேணா விழலாம்." மூச்சு. "யாராவது பாத்தீங்களா?"

காலெப் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்ல அந்த நேரம் ஒருவருக்கும் துணிவில்லை. அவ்வளவு ஒழுங்காக அவள் அவர்களைப் பழக்கியிருந்தாள்.

நான் மாடிப்படி இறங்கி, துடைக்கும் துணியோடு தெருவைத் தாண்டி ஓடினேன். "நான் பாத்தேன்! இடது கையில பட்டுச்சு! நான் பாத்தேன்!"

க்ரெட்டா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, களைத்த முகம்.

"போன மாசம் பாஸ்டர் பொண்டாட்டி யாரோடயோ ஓடிப்போயிட்டாங்கன்னு சொன்னதும் நீங்கதான், டார்லீன். அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஏதாவது கிடைத்ததே சிரிப்பதற்கு என்று சிரித்தார்கள். காலெப் நாற்காலியைத் திருப்பி வீட்டுக்குள் கொண்டுபோனான். அதற்கடுத்த சனிக்கிழமை மழை. அதற்கடுத்தது பனி. அப்புறம் அவள் வெளியே வரவில்லை. எமெட் இரண்டு முறை வந்து கதவைத் தட்டினான். களைப்பாக இருக்கிறாள் என்று காலெப் திருப்பி அனுப்பினான்.

கிறிஸ்துமஸுக்குள் குரல் முழுக்கப் போயிற்று. வியாழக்கிழமைகளில் காலெப் வேலைக்குப் போகும்போது நான் போய் உட்காருவேன். எழுத்துகள் போட்ட கண்ணாடிப் பலகை ஒன்று உண்டு. நான் ஒரு பக்கம் பிடிக்க, அவள் மறுபக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணால் பார்ப்பாள். சரி என்றால் ஒரு முறை இமைப்பாள், தப்பு என்றால் இறுக மூடுவாள். இரண்டு எழுத்து வருவதற்குள் நான் சொல்லை முடித்துவிடுவேன், எப்போதும் தப்பாக. தலையணையைக் கொஞ்சம் உயர்த்து என்று அவள் கேட்க ஆரம்பித்தால், தண்ணீர் எடுத்துவரப் போய்விடுவேன். என்னைப் போன்ற ஒருத்தியிடம் பேச இப்படி ஒரு வழி அவளுக்கு அமைந்தது தண்டனைதான். ஊர்ச் செய்தியெல்லாம் சொல்லுவேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். எழுந்துபோக முடியாதே.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, வெகு நேரம் எடுத்து ஒன்று சொன்னாள். நான் நடுவே முடிக்காமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

*எமெட். அன்று. முதலில் என்ன செய்தான்.*

"எந்த அன்னிக்கு? அக்டோபர்லயா?"

ஒரு இமைப்பு.

சேர்க்காமல், குறைக்காமல் சொன்னேன். "முதல்ல சட்டைக் கையைப் பாத்தான். அப்புறம் கீழ, தோட்டா விழுந்த இடத்தைப் பாத்தான். வாய் திறந்துச்சு, மூடிச்சு. அப்புறம் உன்னைப் பாத்தான். அவன் கையைத் தூக்கறதுக்குள்ள நான் ரெண்டு பட்டை துடைச்சு முடிச்சுட்டேன்."

*விழவில்லையா.*

"விழல."

*நெஞ்சு.*

"நெஞ்சையும் பிடிக்கல. வசனமும் இல்ல. பயந்துபோன மாதிரி நின்னான்மா."

அவள் கண்கள் என் மேலேயே இருந்தன. பிறகு எழுத்துகளுக்குப் போயின. *பொய்யென்றால் உடனே விழுந்திருப்பான்.*

அது எனக்குத் தோன்றவே இல்லை. பொய்யாக ஹிட் சொன்னபோதெல்லாம் அவன் கூத்தாடிபோலச் சுழன்று விழுந்தவன். நிஜமாகப் பட்ட அன்றுதான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறான். நான் மூன்று மாதமாகப் 'பட்டுச்சு, பட்டுச்சு' என்று தெரு முழுக்கச் சத்தியம் செய்துகொண்டிருந்தேனே தவிர, இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

க்ரெட்டாவின் முகத்தில் அசையக்கூடியது ஏதும் மிச்சமில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். வாயின் ஒரு ஓரம் அசைந்தது. நான் பார்த்தேன். இதையும் நம்ப வேண்டாம் என்றால் நம்ப வேண்டாம்.

*அவனிடம் சொல். நம்புகிறேன்.*

"இன்னிக்கே போறேன்."

அவள் கண்கள் மீண்டும் பலகைக்குப் போயின. நான்கு நிமிடம் ஆயிற்று. *வேறு எதையும் சேர்க்காதே.*

அன்று காலெப் வரத் தாமதமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். பனி உருக்கும் உப்பு வாங்க வரிசை. எமெட் ஒற்றை ஆளாக மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். எனக்கு முன்னால் பாஸ்டர் மனைவி, பின்னால் எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். என் வாழ்நாளிலேயே முதல் முறையாக, நான்கு பேர் கேட்கிற இடத்தில் ஒன்றைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு மூட்டை உப்பை வாங்கிக்கொண்டு, "அப்புறம் வரேன் எமெட், ஒரு விஷயம்" என்றேன்.

"உங்களுக்கு எப்பவும் ஒரு விஷயம்" என்று சிரித்தான்.

சனி, ஞாயிறு பனிப்புயல்; கடை மூடியிருந்தது. தொலைபேசியில் சொல்கிற விஷயமா என்று இருந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஹௌகன் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. விளக்கு இல்லை, சத்தம் இல்லை. அவசரமில்லாமல் இருவர் இறங்கினார்கள்.

வியாழக்கிழமை அடக்கம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வழக்கம்போல ஹாம் வைத்த ரொட்டி, ஊறுகாய், காபி. எமெட் காகிதத் தட்டோடு சுவரோரமாக நின்றிருந்தான். அவனுக்குக் கோட்டு சிறியது. நான் போய்ச் சொன்னேன். "க்ரெட்டா உன்கிட்ட சொல்லச் சொன்னா. அன்னிக்கு நீ சொன்னதை நம்பறேன்னு."

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். "எப்பச் சொன்னா?"

"போன வியாழக்கிழமை."

"கடைக்கு வந்தீங்களே."

"வந்தேன்."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "வேற ஏதாவது சொன்னாளா?" என்றான்.

என் நாக்கில் பத்து வாக்கியம் தயாராக இருந்தது. ஒன்றைவிட ஒன்று அழகு. எதைச் சொன்னாலும் நம்பியிருப்பான். அவனுக்கு அன்று அது உதவியும் இருக்கும். எதிரே நின்று காத்திருந்தான்.

"இல்லப்பா. அவ்வளவுதான்" என்றேன்.

காலெப்பிடமும் சொன்னேன். பத்தொன்பதாம் எண் வேலை செய்தது, நான் சொன்னது பொய்யில்லை, கடைசியில் அவளே நம்பினாள் என்று. அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "எவ்வளவு தூரத்துலேர்ந்து?"

"நாற்காலி நம்ம தெருமுனை விளக்குத் தூண்கிட்ட. எமெட் மரத்துக்கு இந்தப் பக்கம்."

அன்று மாலை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அடக்கத்துக்குப் போட்ட காலணியோடு, முழங்கால் பனியில், தூணிலிருந்து மரம்வரை அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டிருந்தான். மரத்தருகே போனதும் நின்றான். திரும்பி மறுபடியும் முதலிலிருந்து அளந்தான்.

வசந்தத்தில் காலெப் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவுக்குப் போனான். பனியே இல்லாத ஊரில் பனிவாரிக்குப் படம் வரைகிறவனுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டேன், அவன் பதில் சொல்லவில்லை. பிரிண்டரை வீட்டு முற்றத்தில் போட்ட பழைய சாமான் விற்பனையில் யாரோ வாங்கிப்போனார்கள். எமெட் மூன்றாம் வருடம் டுலூத் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவள், நல்ல பெண், கொஞ்சம் உரக்கச் சிரிப்பாள். கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இப்போது அவர்கள் அந்தப் பக்கமே குடிபோய்விட்டார்கள். கட்டாமல் கிடந்த மனையில் டெக்சாஸிலிருந்து வந்த தம்பதியர் வீடு கட்டி, ஆஷ் மரத்தையும் வெட்டிவிட்டார்கள். அவர்கள் ஜன்னல்களுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறார்கள். இங்கிருந்து ஒன்றும் தெரிவதில்லை.